கூமுட்டைக் கணக்கு

கொல்கத்தாவில் ஓர் ஆய்வுக்கூடத்தின் வாராந்திரக் கூட்டம். திரையில் ஒரு கோழிக்கருவின் தண்டுவடம் நீளவாக்கில் பிளக்கப்பட்டு, திறந்த புத்தகம்போல் விரிந்து கிடந்தது. கரிய பின்னணியில் பச்சை இழைகள் ஒளிர்ந்தன. இயல்பான கருவில் அந்த நரம்பிழைகள் நடுக்கோட்டைக் கடந்து மறுபக்கம் சென்று, பின் தலைப்பக்கமாகத் திரும்புகின்றன. ஒரு மரபணுவின் செயலைக் குறைத்த கருவிலோ அவை நடுக்கோட்டுக்கு முன்பே நின்றுபோயிருந்தன. நாமக்கல்லை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த ஆய்வு மாணவி, மூன்றாம் ஆண்டில் தனக்குக் கிடைத்த முதல் நல்ல முடிவைக் காட்டிக்கொண்டிருந்தாள். பாராட்டுகள் எழுந்தன. கடைசி வரிசையில் இருந்த நெறியாளர் ஒன்றே ஒன்று கேட்டார்: "இறந்தவை எத்தனை?"

அவளிடம் பதில் இல்லை. அவளுடைய குறிப்பேட்டில் பிழைத்த கருக்கள் எல்லாம் இருந்தன: தேதி, செலுத்திய டி.என்.ஏ.வின் பெயர், அளவு, படத்தின் எண். இறந்தவை கழிவுப் பைக்குப் போயிருந்தன. அவற்றுக்கு நேரே "சரியில்லை" என்ற ஒரு சொல். சில நாள்களில் அதுவும் இல்லை. எந்த முட்டைக்கு எந்த டி.என்.ஏ. சென்றது, எந்த நாளில் இதயம் நின்றது, நிற்கும்போது கரு எந்த நிலையில் இருந்தது என்ற விவரம் எங்கும் இல்லை.

கேள்வியின் கனம் புரிய அவள் செய்த சோதனையைச் சற்று விளக்க வேண்டும். எலியில் ஒரு மரபணுவை நீக்குவதற்கு 1980களின் இறுதியிலேயே வழி பிறந்துவிட்டது. கோழியில் அது எளிதன்று. கோழி முட்டையிடும் நேரத்திலேயே அதனுள் இருக்கும் கரு பல்லாயிரம் செல்களாகப் பெருகிவிட்டிருக்கும்; ஒற்றைச் செல் நிலையில் அதைப் பிடிப்பது கடினம். ஆனால் கோழிக்கருவுக்கு வேறொரு வசதி உண்டு: ஓட்டில் ஒரு சன்னல் வெட்டினால் உயிரோடு கண்ணுக்குத் தெரியும். இந்த வசதியை மரபணு ஆய்வுக்குப் பயன்படுத்தும் வழியை 1997இல் முரமாட்சு குழுவினர் ஜப்பானில் காட்டினர். முட்டைக்குள் இருக்கும் கருவுக்கே மின்துடிப்பு கொடுத்து டி.என்.ஏ.வைச் செலுத்தும் மின்துளையாக்க முறை அது.

செய்முறை இவ்வளவுதான். முட்டையைப் படுக்கவைத்து இரண்டரை நாள் 38 பாகையில் அடைகாக்க வேண்டும். ஊசியால் சில மில்லிலிட்டர் வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுத்தால் கரு ஓட்டை விட்டுக் கீழிறங்கும். மேலே கத்தரியால் சன்னல் வெட்டினால், மஞ்சள்கருவின் மீது துடிக்கும் சிவப்பு இதயமும் அதனருகே கண்ணாடி இழைபோன்ற நரம்புக்குழலும் தெரியும். மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயால், பச்சைச் சாயம் கலந்த டி.என்.ஏ.வை நரம்புக்குழலின் உட்குழிவில் நிரப்ப வேண்டும். இருபுறமும் மெல்லிய மின்முனைகளை வைத்து, சுமார் 25 வோல்ட்டில், ஒவ்வொன்றும் 50 மில்லிவினாடி நீளும் ஐந்து துடிப்புகள். டி.என்.ஏ. எதிர்மின் தன்மை உடையது. நேர்முனை இருக்கும் பக்கத்துச் செல்களுக்குள் மட்டும் அது நுழைகிறது. மறுபக்கம் தொடப்படாமல் நிற்கிறது. பிறகு சன்னலை செல்லோடேப்பால் மூடி முட்டையை மீண்டும் அடைகாப்புப் பெட்டிக்குள் வைத்துவிடலாம்.

செலுத்தும் டி.என்.ஏ.வில் இரண்டு வேலைகள் அடங்கியிருந்தன. ஒன்று, குறிப்பிட்ட மரபணுவின் செய்தியைச் சிதைக்கும் சிறு கொண்டையூசி ஆர்.என்.ஏ.வை உண்டாக்குவது. மற்றது, ஜெல்லிமீனிலிருந்து வந்த பச்சை ஒளிர்புரதத்தை உண்டாக்கி, எந்தச் செல்லில் மரபணு அடங்கியது என்பதைக் காட்டுவது. ஒப்பீட்டுக்கு வேறு கருக்களில், எழுத்துகளைக் குலைத்த, எந்த மரபணுவையும் தொடாத ஓர் ஆர்.என்.ஏ. ஐந்தாம் நாள் கருவை எடுத்துத் தண்டுவடத்தை விரித்துப் பார்த்தபோதுதான் அந்தப் பச்சை இழைகள் நின்றுபோயிருந்தன.

கூட்டம் முடிந்த இரவு விடுதியில் அவளுக்கு அம்மிச்சியின் அடைக்கூடை நினைவுக்கு வந்தது. நாமக்கல் என்றால் நாடு முழுவதும் முட்டைதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பண்ணை முட்டைகளில் உயிர் கிடையாது. முட்டைக்கோழிக் கூண்டுகளில் சேவல் இல்லை. கொல்கத்தாத் தெருவோரத்தில் தோசைக்கல்லில் உடைத்து ரொட்டியோடு சுருட்டித் தரும் முட்டையும் அதே வகைதான். உயிருள்ள முட்டையை அவள் அறிந்தது அம்மிச்சியின் திண்ணையில். ஏழாம் நாள் இரவு, இருட்டில், விளக்குக்கு முன்னால் ஒவ்வொரு முட்டையாக உள்ளங்கையில் பிடித்துப் பார்ப்பார் அம்மிச்சி. சிலந்தி வலைபோல் செந்நரம்புகள் தெரிந்தால் கரு பிடித்திருக்கிறது. ஒளி வெறுமையாக ஊடுருவினால் கூமுட்டை. 21ஆம் நாள் குஞ்சுகள் வெளிவந்த பின்னும் அவர் முதலில் எண்ணுவது பொரியாத முட்டைகளைத்தான். சிறுமியாக அவள் ஒருமுறை காரணம் கேட்டாள். "எத்தன பொரிச்சுதுன்னு ஊருக்குச் சொல்லலாங் கண்ணு. எத்தன கெட்டுதுன்னு நமக்குத் தெரிஞ்சிருக்கோணும்."

அந்தக் கணக்கிலிருந்து அவருக்குப் பல செய்திகள் கிடைத்தன. விளக்கில் தொடக்கத்திலேயே வெறுமையாக இருந்தவை மிகுதி என்றால் சேவலில் குறை. நரம்பு ஓடிப் பாதியில் நின்றவை மிகுதி என்றால் கோழி கூடையை விட்டு அடிக்கடி எழுந்து போயிருக்கிறது. பொரித்த குஞ்சுகளை எத்தனை முறை எண்ணினாலும் இந்த இரண்டையும் வேறுபடுத்த முடியாது.

மறுவாரம் அவள் புதிய பக்கத்தைத் தொடங்கினாள். முதலில் புரிந்தது கொல்கத்தாவின் வெயில். கருவுற்ற முட்டைகள் பாரக்பூர்ப் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து வாரம் இருமுறை வந்தன. முட்டை சுமார் 20 பாகைக்குக் கீழே இருக்கும்வரை கரு உறங்கும். அதற்கு மேல் தாறுமாறாக விழித்து வளரத் தொடங்கும். மே மாதத்தில் பண்ணையிலும் பேருந்திலுமாகச் சில மணி நேரம் வெக்கையில் இருந்த முட்டைகள், அடைகாப்புப் பெட்டிக்குள் போகும் முன்பே ஒன்றுக்கொன்று வெவ்வேறு தூரம் வளர்ந்துவிட்டிருந்தன. சில வழியிலேயே இறந்தன. முட்டை கொண்டுவரும் முதியவரிடம் அவள், "காகு, அதிகாலையிலேயே கிளம்பிவிட முடியுமா?" என்று கேட்டாள். அவர் சிரித்தபடி, "தீதி, இரண்டு வருடமாக யாரும் கேட்கவில்லையே" என்றார். தெர்மாகோல் பெட்டியும் முதல் பேருந்துமாக அந்தச் சிக்கல் பாதி தீர்ந்தது.

இரண்டாவது செய்தி கடினமானது. இறந்தவற்றையும் நலிந்தவற்றையும் எழுதத் தொடங்கியதும், மரபணுவைக் குறைத்த தொகுதியில் இறப்பு மிகுந்திருப்பது தெரிந்தது. அத்தோடு, அந்தத் தொகுதியில் பிழைத்தவையும் சற்றுச் சிறியவையாக இருந்தன. அப்படியானால் நரம்பிழைகள் நடுக்கோட்டுக்கு முன்பே நின்றதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. அந்த மரபணு இல்லாததால் இழைகளுக்குக் கடக்கத் தெரியவில்லை என்பது ஒன்று. கருவே பின்தங்கிவிட்டது, இழைகள் நாளை கடந்திருக்கும் என்பது மற்றொன்று. திரையில் அவள் காட்டிய அழகிய படம் இரண்டுக்கும் பொருந்தும்.

இங்கேதான் ஒரு பழைய அட்டவணை அவளுக்குக் கைகொடுத்தது. 1951இல் விக்டர் ஹாம்பர்கரும் ஹோவர்ட் ஹாமில்டனும் கோழிக்கருவின் 21 நாள் வாழ்வை 46 படிநிலைகளாகப் பிரித்தனர். மணிக்கணக்கை அவர்கள் நம்பவில்லை. ஒரே நேரம் அடைகாத்த இரு முட்டைகள் ஒரே வயதுடையவை ஆகா என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே கருவின் உடலையே கடிகாரமாகக் கொண்டனர்: தொடக்கத்தில் முதுகெலும்பின் இருபுறமும் தோன்றும் உடற்கண்டங்களின் எண்ணிக்கை, பின்னர் கைகால் மொட்டுகளின் வடிவம், முழங்கை மடிப்பு, கால்தட்டில் விரல்களின் கோடு. எழுபது ஆண்டு கடந்தும் உலகின் கோழிக்கரு ஆய்வுக்கூடங்கள் அந்த அட்டவணையைத்தான் பின்பற்றுகின்றன. அவளும் அதை அறிந்தவள்தான். ஆனால் "ஐந்தாம் நாள்" என்று எழுதுவது எளிதாக இருந்தது. நாளுக்குப் பதில் படிநிலையை வைத்துப் பழைய படங்களைத் திரும்பப் பிரித்தபோது, அவளுடைய முடிவின் பெரும்பகுதி கரைந்தது. எஞ்சியது உண்மையா என்று சொல்ல அந்தப் படங்களால் முடியவில்லை.

அந்த நாள்களில் அவள் வாசித்தது ரீட்டா லெவி-மொண்டால்சினியின் கதையை. 1934இல் ஹாம்பர்கர், கோழிக்கருவின் சிறகு மொட்டை நீக்கினால் அந்தப் பக்கத்துத் தண்டுவடத்தில் நரம்புச் செல்கள் குறைந்துபோவதைக் காட்டியிருந்தார். புறவுறுப்பு இல்லாததால் புதிய நரம்புச் செல்கள் உருவாகவில்லை என்று அவர் கருதினார். இத்தாலியில் 1938இன் இனச் சட்டங்கள் யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றின. டுரின் நகரில் தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்ட லெவி-மொண்டால்சினி, பண்ணைகளில் கருவுற்ற முட்டைகளைத் தேடி வாங்கி அதே சோதனையைத் திரும்பச் செய்தார். இறுதியில் எஞ்சிய செல்களை மட்டும் எண்ணாமல், ஒவ்வொரு கட்டத்திலும் கருக்களை எடுத்துச் செல்கள் சிதைவதைத் தொடர்ந்து பார்த்தார். 1942இல் ஜுசெப்பே லெவியுடன் அவர் எழுதிய கட்டுரையின் முடிவு வேறாக இருந்தது: நரம்புச் செல்கள் உருவாகின்றன, வளர்கின்றன, பின்னர் இறக்கின்றன. அதைப் படித்த ஹாம்பர்கர் அவரை அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகருக்கு அழைத்தார். 1947இல் அவர் சென்றார். இருவரும் சேர்ந்து ஆராய்ந்தபோது அவர் சொன்னதே சரியென்று தெரிந்தது. செல்களைச் சாவிலிருந்து காப்பது எது என்ற கேள்வி அங்கிருந்து எழுந்தது. நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம் கிடைத்தது. 1986இல் ஸ்டான்லி கோஹனுடன் நோபல் பரிசு வந்தது.

இருவரும் பார்த்தது ஒரே குறைவை. இறந்தவற்றின் கணக்கு ஒருவரிடம் இருந்தது, மற்றவரிடம் இல்லை. தன் கருத்து பிழை என்று காட்டியவரைத் தேடி அழைத்ததில்தான் ஹாம்பர்கரின் பெருமை இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

பாரக்பூர்ப் பண்ணைக்கு அவளும் சில காலைகளில் சென்று வந்தாள். திரும்பும் பேருந்து பாரக்பூர் டிரங்க் சாலையில் பராநகரைக் கடக்கும்போது, மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் வாயில் தெரியும். 1957இல் ஜே.பி.எஸ். ஹால்டேன் தன் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் இங்கிலாந்தை விட்டு அங்குதான் வந்து சேர்ந்தார். மரபணுவியலுக்குக் கணித அடித்தளம் இட்ட மூவரில் ஒருவர், கதர் உடையும் சைவ உணவுமாக 1961வரை அந்த வளாகத்தில் பணியாற்றினார். 1959இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பு, பறவைகளை வன்முறையின்றி அறிவியல் முறையில் ஆராய்தல் என்பது. பறவையைக் கொல்லாமலே, கூர்ந்து பார்த்தும் எண்ணியும் நல்ல கேள்விகளுக்கு விடை தேடலாம் என்பது அவர் வாதம். அவருடைய மாணவர் சுரேஷ் ஜயகர், ஸ்பர்வேயுடன் சேர்ந்து ஆட்காட்டிப் பறவையின் கூட்டை உற்றுநோக்கி எழுதியது அந்த வழியில் வந்த ஆய்வு.

மடியில் ஐந்து டஜன் முட்டைகளோடு அந்த வாயிலைக் கடப்பவளுக்கு ஹால்டேனின் தலைப்பு எளிதாக விழுங்கக்கூடியதாக இல்லை. அவளுடைய கேள்விக்குக் கூட்டைப் பார்த்து விடை காண முடியாது. ஐந்து நாள் கருவுக்கு வலி உணரும் அளவுக்கு நரம்பு மண்டலம் வளரவில்லை என்ற சமாதானம் உண்டு. பிரிட்டனின் சட்டம்கூட அடைகாப்பின் கடைசி மூன்றிலொரு பங்கில்தான் பறவைக் கருவைக் காக்கப்பட வேண்டிய விலங்காகக் கொள்கிறது. அந்தச் சமாதானத்தை அவள் ஏற்றாள். ஆனால் கேள்வி முற்றிலும் தணியவில்லை. எடுப்பதென்று முடிவான பிறகு, எடுத்ததிலிருந்து அறிய வேண்டியதை அறியாமல் கழிவுப் பையில் போடுவதற்கு எந்தச் சமாதானமும் இல்லை என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாயிற்று. கணக்கில் வராமல் இறந்த கரு, அறிவியலுக்கும் உதவாமல் போன கரு.

தீர்வு கருவிக்குள்ளேயே இருந்தது. டி.என்.ஏ. நேர்முனைப் பக்கம் மட்டும் செல்லும் என்றால், முனைகளை மாற்றி இரண்டாம் முறை துடிப்பு கொடுத்து மறுபக்கத்துக்கு வேறொன்றை அனுப்பலாம். வலப்பக்கம் மரபணுவைக் குறைக்கும் ஆர்.என்.ஏ., பச்சை ஒளியோடு. இடப்பக்கம் எழுத்து குலைத்த ஆர்.என்.ஏ., சிவப்பு ஒளியோடு. ஒரே கரு, ஒரே வயது, ஒரே வெயில், ஒரே சன்னல். கரு பின்தங்கினால் இரு நிறமும் சேர்ந்தே பின்தங்கும். பச்சை நின்று சிவப்பு கடந்தால் மட்டும் குற்றத்தை மரபணுவின் மீது சுமத்தலாம். கூடவே மூன்றாவது சோதனை: சிதைக்கும் ஆர்.என்.ஏ.வால் தொட முடியாதபடி எழுத்து மாற்றிய அதே மரபணுவைத் திருப்பிக் கொடுத்தால் இழைகள் மீள வேண்டும்.

கால்பைசாகிப் புயலில் மின்சாரம் போய் ஒரு தொகுதி முழுவதும் குளிர்ந்த மாலை உட்பட, இதற்கு ஏழு மாதம் பிடித்தது. அந்தத் தொகுதியும் குறிப்பேட்டில் ஏறியது. இறுதியில் கிடைத்த விளைவு, கூட்டத்தில் காட்டியதைவிடச் சிறியது. பச்சை இழைகள் முற்றிலும் நிற்கவில்லை. சிவப்பு இழைகளைவிடக் குறைவாகக் கடந்தன, கடந்தவற்றில் சில வழி மாறின. மரபணுவைத் திருப்பிக் கொடுத்தபோது பெரும்பாலும் நேராயின. கைதட்ட வைக்கும் படம் அதில் இல்லை. ஆனால் எந்தக் கேள்வி வந்தாலும் அவளிடம் பதில் இருந்தது. ஒவ்வொரு கருவும் தனக்குத்தானே ஒப்பீடாக அமைந்ததால், தேவைப்பட்ட முட்டைகளும் குறைந்தன. ஹால்டேன் கேட்டது இதுவன்று. அந்தத் திசையில் ஒரு சிறு அடி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இந்தச் சிறு இழைகளின் வரலாறும் அவளுக்குத் துணையாக இருந்தது. 1890இல் ஸ்பெயின் நாட்டு ரமோன் இ காஹால், கோழிக்கருவின் தண்டுவடத்தில் இதே கடக்கும் நரம்புகளைக் கோல்கி சாயத்தில் பார்த்து, இழையின் நுனியில் விரிந்த கைபோன்ற அமைப்புக்கு வளர்கூம்பு என்று பெயரிட்டார். இறந்த, சாயம் ஏற்றிய திசுவைப் பார்த்தே அது உயிரோடு வழி தேடும் உறுப்பு என்று ஊகித்தார். 2016இல் புனேயின் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அர்ணப் கோஷ் குழுவினர், ஃபார்மின்-2 என்ற புரதத்தைக் கோழிக்கருவில் குறைத்தால் வளர்கூம்பின் நுண்விரல்கள் நிலைகொள்ளாமல் போவதையும், தண்டுவடத்தின் இழைகள் நடுக்கோட்டைக் கடக்கத் தவறுவதையும் காட்டினர். மனிதரில் அதே மரபணுவின் பிழைகள் அறிவுத்திறன் குறைபாட்டோடு தொடர்புடையவை என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. கான்பூரில் ஜோனகி சென் குழுவினர் கோழிக்கருவின் முன்மூளை இரு அரைக்கோளங்களாகப் பிரிவதை ஆராய்கின்றனர். செலவு குறைந்த இந்தக் கருவி நம் நாட்டு ஆய்வுக்கூடங்களுக்குப் பொருந்தியது வியப்பில்லை; கோழியின் மூதாதையான காட்டுப் பறவை இம்மண்ணிலும் வாழ்வதுதான். 2004இல் முதன்முதலாக மரபணுத்தொகுதி படிக்கப்பட்ட பறவை செங்காட்டுக்கோழி. வட வங்கத்துக் காடுகளில் அது இன்றும் கூவுகிறது. பல வளர்ப்புக் கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபுவரிசை, தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது.

கருவிகள் இன்னும் மாறும். செலுத்திய டி.என்.ஏ. செல்கள் பிளவுபடப் பிளவுபட நீர்த்துப்போவதைத் தடுக்க, மெடாகா மீனிலிருந்து எடுத்த டோல்-2 என்னும் தாவும் மரபணு, அதைக் குரோமோசோமிலேயே பதித்துவிடுகிறது. கிறிஸ்பர் முறை மரபணுவைக் குறைப்பதோடு நில்லாமல் வெட்டியே விடுகிறது. இவற்றில் எதுவும் இறந்த முட்டைகளைத் தானாக எண்ணிக் கொடுக்காது.

ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அவள் ஓர் அட்டவணை சேர்த்திருக்கிறாள்: அடைவைத்தவை, கரு பிடிக்காதவை, சன்னல் வெட்டும் முன் இறந்தவை, துடிப்புக்குப் பின் இறந்தவை, ஒவ்வொன்றின் படிநிலை. சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த வங்க மாணவனிடம் குறிப்பேட்டை ஒப்படைத்தபோது, இடது ஓரத்து முதல் கட்டத்தை அவன் புரியாமல் பார்த்தான். அதற்கு அவள் தமிழில் "கூமுட்டை" என்றே தலைப்பிட்டிருந்தாள். பொருளைக் கேட்டுக்கொண்ட பின், "தீதி, ஒன்றுகூடச் சாகாத நாளில் இந்தக் கட்டத்தை விட்டுவிடலாமா?" என்றான்.

"கூடாது. சுழி என்று எழுது" என்றாள்.